ஐம்பத்திரண்டு என்று நான் எழுதியது

என் அண்ணன் ஹாஜிபாபா கடவுளைக்கூட இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத்தான் நம்புவான். என் கையெழுத்தை மட்டும் கேட்காமல் நம்புவான். எழுபத்து நான்காம் வருஷம் மார்ச் மாதம் அதுதான் வினையாகப் போயிற்று.

பாகூ பக்கத்துச் சாரிதெப்பே எண்ணெய் வயலில் அவன் பழுதுபார்க்கும் குழுவின் தலைவன். கிணற்றுக்குள் இருக்கும் குழாய்களை வெளியே இழுத்து, வேறு குழாய் இறக்குகிற வேலை. அவனுக்குக் கீழே ஏழு ஆட்கள். எனக்கு அலுவலகத்தில் மேஜை வேலை. கிணற்றை மூடிப்போட்டு, அடியில் அழுத்தமானியை இறக்கி வைப்பார்கள். மூடிய கிணற்றில் அழுத்தம் மெல்ல ஏறும். அந்த ஏற்றத்தைக் கோட்டுத்தாளில் புள்ளி புள்ளியாகப் போட்டு, பாறைக்குள் மொத்தம் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று நான் சொல்வேன். நான் சொல்லும் எண்ணை வைத்துத்தான் கிணற்றைத் திறக்கும் முன் அதில் எதை நிரப்புவது என்று முடிவாகும். அழுத்தம் குறைவென்றால் வெறும் தண்ணீர் போதும். அதிகமென்றால் கனமான சேறு. கொதிக்கிற சட்டிக்குக் கனமான மூடி வேண்டும், அவ்வளவுதான் சங்கதி. எண் தப்பானால் கிணறு பொங்கி மேலே நிற்கிற ஆட்களின் மேல் வரும்.

318-ஆம் கிணறு அறுநூறு மீட்டர் ஆழம். அதற்கு நான் எழுதிக் கொடுத்த எண் ஐம்பத்திரண்டு அட்மாஸ்பியர். அறுநூறு மீட்டர் தண்ணீர் அடியில் அறுபது அழுத்தும். எட்டு மிச்சம். ஆகவே தண்ணீர் போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஹாஜிபாபா அந்தக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தன் ஆட்களிடம் என் தங்கச்சி போட்ட கோடு என்று பீற்றிக்கொண்டு போனான்.

இருபத்தொன்பதாம் தேதி காலை எட்டரை மணிக்கு நான் ஆய்வகத்துக்குப் போனது வேறு ஏதோ கணக்குக்காக. ஆய்வகத்தில் எண்ணெயைச் சோதிக்கும் ஃபிரங்கிஸ் இருந்தாள். வேலை சுத்தம், வாய்தான் ஓயாது. மேஜையில் யு வடிவக் கண்ணாடிக் குழாய் ஒன்றைத் தாங்கியில் நிறுத்தியிருந்தாள். கறுப்பு எண்ணெய் அதன் ஒரு கிளையில் நாலு விரற்கடை உயரமாகவும், மறு கிளையில் பள்ளமாகவும் நின்றது. குழாயைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள்.

“இந்தக் கண்ணாடிய எவன் நம்ம தலையில கட்டினானோ தெரியல. திங்கக்கிழம ஊத்தினேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு பக்கம் மேட்டுல நிக்குது, ஒரு பக்கம் பள்ளத்துல நிக்குது. உள்ள அடைச்சுக்கிட்டிருக்கு. கழுவித் தொலைக்கணும்.”

கழுவுவதற்கு வசதியாக எண்ணெய் இளகட்டும் என்று அதை எடுத்துச் சுவரோரம் ஓடும் வெந்நீர்க் குழாயின் மேல் சாய்த்து வைத்தாள். எனக்குத் தேவையான நோட்டை அலமாரியில் தேடி எடுத்துக் கொடுத்தாள். நான் புரட்டிக்கொண்டிருந்தேன். ஏழெட்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

“அட, இங்க பாருங்க. தானா சமமாயிடுச்சு. சூடு வச்சாத்தான் புத்தி வருது, எங்க வீட்டுக்காரர் மாதிரியே.”

நான் பார்த்தேன். இரண்டு கிளையிலும் எண்ணெய் ஒரே மட்டத்தில் நின்றது. கண்ணாடி அடைக்கவே இல்லை. அடைத்திருந்தால் இப்போது எப்படி ஓடியது? எந்தக் கிணற்று எண்ணெய் என்று கேட்டேன். 318 என்றாள். நோட்டை மூடினேன்.

தண்ணீராக இருந்தால் ஒரு நொடியில் மட்டம் பார்த்துவிடும். மெல்லிய எண்ணெயும் அப்படித்தான், கொஞ்சம் நேரம் எடுக்கும். இது அந்த ஜாதி இல்லை. ஒரு அளவுக்கு மேல் தள்ளினால்தான் நகரும். அதற்குக் கீழே தள்ளினால், தள்ளுகிறவனைப் பார்த்தபடி சும்மா நிற்கும். நாலு விரற்கடை உயர வித்தியாசத்தை நாலு நாள் தாங்கிக்கொண்டு நின்றதே, அதைப்போல. அப்படியானால் 318-இல் ஐம்பத்திரண்டு வரை ஏறி ஊசி நின்றதே, அது அழுத்தம் அவ்வளவுதான் என்பதால் நின்றதா? இல்லை, அதற்கு மேல் தள்ள முடியாமல் வழியிலேயே நின்றதா?

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூன்று நாள் அடுத்தடுத்து ஊசி ஒரே இடத்தில் நின்றால் சோதனை முடிந்தது என்று முத்திரை குத்திவிடுவோம். மூடிக் கிடக்கிற கிணறு எண்ணெய் தராது. எண்ணெய் தராத நாள் எல்லாம் மேலிடம் கேட்கும் உற்பத்தித் திட்டத்தில் ஓட்டை. ஆகவே மூன்றாம் நாள் சாயங்காலம் எல்லோருக்கும் அவசரம். இருபது வருஷமாக மெல்லிய எண்ணெய்க் கிணறுகளில் இந்த வழக்கம் ஒரு தப்பும் செய்ததில்லை. இந்தக் கெட்டி எண்ணெய் அடுக்கைத் திறந்தே ஒரு வருஷம்தான் ஆகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. கோட்டுத்தாளில் புள்ளிகள் நேர்கோட்டில் விழ வேண்டும். 318-க்குக் கடைசி ஆறு புள்ளிகள் கீழே தொங்கின. நான் நடுவில் இருந்த புள்ளிகளின் மேல் அடிக்கோலை வைத்துக் கோடு போட்டேன். தொங்கினவற்றைக் கருவி கோளாறு என்று விட்டுவிட்டேன். எல்லோரும் செய்வதுதான். எல்லோரும் செய்கிறார்கள் என்பதற்காக எனக்கு அன்றைக்கு ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை.

பக்கத்திலேயே இருநூறு மீட்டர் தள்ளி 322. அதே அடுக்கு, அதே ஆழம். அதில் நாங்கள் எண்ணெயை உள்ளே செலுத்திவிட்டு மூடினோம். அழுத்தம் மேலிருந்து இறங்கி, எண்பத்து நான்கில் நின்றது. ஒரே பாறை, மூன்று நாளாக ஊசி அசையாத இரண்டு கிணறு, ஒன்றில் ஐம்பத்திரண்டு, ஒன்றில் எண்பத்து நான்கு. தலைமை நிலவியலாளர் தெய்மூர் முஅல்லிம் (வாத்தியார் என்று மரியாதைக்கு அப்படித்தான் சொல்வோம்) வரைபடத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு பிளவைக் கோடு போட்டு, மண்ணுக்குள் சுவர் இருக்கிறது என்றார். நானும் பூம்பூம் மாடு மாதிரித் தலையை ஆட்டினேன். சுவரும் இல்லை மண்ணும் இல்லை. ஒன்று கீழிருந்து ஏறி வழியில் நின்றது, மற்றது மேலிருந்து இறங்கி வழியில் நின்றது. நிஜம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அறுபத்தெட்டு, ஏறக்குறைய. தண்ணீர் தருவது அறுபது.

எட்டு மிச்சம் என்று எழுதியிருந்தேன். எட்டுக் குறைச்சல்.

எண்ணெய் உறைந்து நிற்கும்வரை அந்தக் குறைச்சல் யாரையும் கடிக்காது. ஆனால் 318-க்குள் இருபது நாளாக மின்சூடாக்கி எரிந்துகொண்டிருந்தது. எண்ணெய் இளகி ஓடட்டும் என்றுதான் அதை இறக்கினார்கள். அந்தக் கிணறு முன்பு நாலு நாள்தான் ஓடியது. அதனால் அழுத்தம் குறைந்த வட்டம் அதைச் சுற்றிச் சில மீட்டர்தான், அத்தனையும் இந்நேரம் சூடேறியிருக்கும், இளகின எண்ணெய் இனி பாறையின் முழு அழுத்தத்தோடு தள்ளும். நேற்று சூடாக்கியை வெளியே எடுத்தார்கள். நேற்று மத்தியானம் முதல் ஹாஜிபாபா குழாய் இழுக்கிறான்.

ஃபிரங்கிஸ் ஏதோ கேட்டாள். பதில் சொல்லாமல் தெய்மூர் முஅல்லிமின் அறைக்கு ஓடினேன்.

அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். காலாண்டு முடிய இரண்டு நாள் இருந்தது. மேஜையில் மூன்று போன், மூன்றிலும் பாகூவிலிருந்து திட்டத்தைக் கேட்டுக் குடைந்துகொண்டிருந்தார்கள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டார். ஆய்வகக் குழாயைப் பற்றிச் சொன்னபோது மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதுகிறேன், முதலில் வேலையை நிறுத்துங்கள் என்றேன். நிறுத்துவதற்குக் குழு கூட வேண்டும், குழு திங்கட்கிழமைதான் கூடும் என்றார். பிளவு போட்ட வரைபடம் மேலே போய்விட்டது, இப்போது ஆய்வகத்துப் பெண் ஒருத்தி வெந்நீர்க் குழாயில் எதையோ காய வைத்தாள் என்பதற்காக அதைத் திரும்ப வாங்கினால் சிரிப்பார்கள் என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது.

“உன் கையெழுத்துத்தானே அது, ஜரிஃபா? நீயே போட்டுட்டு நீயே அழிக்கறே. நாளைக்கு எந்த எண்ண நான் நம்பறது?”

சுவரில் இருந்த, கிணறுகளுக்குப் பேசும் வயல் போனை எடுத்துச் சுற்றினேன். சத்தமே இல்லை. காலையிலிருந்து கஸ்ரி அடித்துக்கொண்டிருந்தது. வடக்கேயிருந்து அந்தக் காற்று கிளம்பினால் எங்கள் பக்கம் கம்பம் சாய்வது சாதாரணம். கம்பி அறுந்துகிடந்தது.

வாசலில் தண்ணீர் லாரி ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. 318 பக்கம்தான் என்றார் ஓட்டுநர். ஏறி உட்கார்ந்தேன். பதினோரு கிலோமீட்டர். மணல் பறந்து முன்கண்ணாடியில் அடித்தது. அவர் மெதுவாகத்தான் ஓட்டினார், எதிரே வரும் வண்டி தெரியவில்லை. நான் திட்டினேன். நிஜமாகவே அந்த மனிதரின் அப்பா தாத்தாவரை இழுத்துத் திட்டினேன். என்னம்மா, பிரசவத்துக்கா போறீங்க என்று கேட்டார். ஆமாம், எட்டுப் பிள்ளை என்றேன்.

போய் இறங்கும்போது மணி பத்தே கால். கோபுரத்தின் பாதி உயரத்தில், சின்னப் பலகையின் மேல், ஷிரின்பாலா பெல்ட்டில் தொங்கியபடி மேலே வரும் குழாய்களின் தலையைப் பிடித்து அடுக்கிக்கொண்டிருந்தான். போன வருஷம் கல்யாணமானவன், பேச்சு குறைவு. கீழே மேடையில் நாலு பேர். ஹாஜிபாபா நெம்புகோலருகே நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது, பிறகு என் முகத்தைப் பார்த்துச் சுருங்கியது. மேடையிலிருந்து இறங்கி வந்தான். வீட்டில் யாருக்காவது ஏதாவதா என்று முதலில் கேட்டான்.

இல்லை என்றேன். கிணற்றுக்கு எவ்வளவு தண்ணீர் விட்டாய் என்று கேட்டேன். குழாயை இழுக்க இழுக்க உள்ளே மட்டம் இறங்கும், அந்த அளவுக்கு மேலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

“இன்னைக்குக் காலைலேருந்து கேக்கவே இல்ல. நெறஞ்சே கெடக்கு. நல்ல பிள்ளை.”

இழுத்த குழாயின் இடத்தை வேறு ஏதோ கீழேயிருந்து வந்து நிரப்பிக்கொண்டிருக்கிறது. அதைச் சொன்னேன். கேட்டவன் சிரித்தான். இருபது நாள் சூடு வைத்தால் தண்ணீர் உப்பாதா, இதுகூடத் தெரியாதா என்றான். அதிலும் நியாயம் இருந்தது. கொஞ்சம் உப்பும். எவ்வளவு என்று இருவருக்குமே தெரியாது. நான் எண் தப்பு என்றேன். ஐம்பத்திரண்டு இல்லை, அறுபத்தெட்டு என்றேன். கனமான சேறு வரும்வரை கிணற்றை மூடு என்றேன்.

அவன் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான்.

“இங்க இருக்கு உன் எழுத்து. முத்திர, தேதி எல்லாம் இருக்கு. ஆய்வகத்துல எவளோ ஏதோ சொன்னா, நீ பயந்து ஓடியாந்திருக்கே. நீ பதறிப் போயி சொல்றத விட, பொறுமையா உக்காந்து எழுதினதத்தான் நான் நம்புவேன். போ, குடிசையில டீ இருக்கு, குடி.”

“அண்ணே, அந்த எழுத்துதான் தப்புங்கறேன்.”

“உன் எழுத்து தப்பாகாது.”

இதைவிடக் கொடுமை உண்டா? திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். பொம்பளைக்கு என்ன தெரியும் என்று சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். நான் சொல்வதை நம்பாமல் என்னையே நம்பிக்கொண்டு நிற்கிறவனை என்ன செய்வது? அவன் திரும்பி நடந்தான். மேடையில் ஏறினான். அடுத்த குழாய் மேலே கிளம்பியது. ஷிரின்பாலா கை நீட்டினான்.

ஹாஜிபாபாவின் குழுவில் ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரியும். மேடையில் பெண் கால் வைக்கக் கூடாது. வைத்தால் வேலை நிற்கும். குழாயை ஆப்பு வைத்து நிறுத்திவிட்டு எல்லோரும் இறங்கிவிடுவார்கள். கோபுரத்தில் இருப்பவனும் இறங்குவான். மேடையைக் கழுவி, இரண்டு சுற்று டீ குடித்த பிறகுதான் திரும்ப ஏறுவார்கள். கட்சிக் கூட்டத்தில் இந்த மூடநம்பிக்கையைப் பற்றி எத்தனையோ தடவை பேசியாயிற்று. பேசினவர்களும் வெளியே வந்து அதைத்தான் செய்தார்கள். பதினாலு வருஷ வேலையில் நான் ஒரு தடவையும் அந்த மேடையில் ஏறியதில்லை. பயத்தினால் இல்லை. அண்ணனுக்குத் தலைகுனிவு வேண்டாம் என்று.

ஏறினேன். ஏழு படி. பாவாடையைக் காற்று தூக்கியது, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி, மேடையின் நடுவே கிணற்று வாய்க்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

நாலு பேரும் கையில் இருந்ததைக் கீழே வைத்தார்கள். ஒருத்தன் ஆப்பை அடித்துக் குழாயை நிறுத்தினான். யாரும் என்னைப் பார்க்கவில்லை. வரிசையாகப் படியில் இறங்கிக் குடிசைப் பக்கம் போனார்கள். ஷிரின்பாலா பெல்ட்டைக் கழற்றி ஏணி வழியாக இறங்க ஆரம்பித்தான். அவன் ஒவ்வொரு படியாக இறங்குவதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஹாஜிபாபா மட்டும் இருந்தான். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. அவனுக்கு நாற்பத்தாறு வயது, ஒரு நாளும் அவனை நான் அப்படிப் பார்த்ததில்லை. கையை ஓங்கினான். அடிக்கவில்லை, ஓங்கின கையை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“ஏழு பேர் முன்னாடி என் மூக்க அறுத்துட்டியே, ஜரிஃபா. செத்துப்போன அம்மா கேட்டா நான் என்ன சொல்றது?”

“திட்டு. அப்பறமா ஒரு வாரம் திட்டு. இப்ப இதுல கைய விடு.”

குழாயைச் சுற்றிக் கிணற்று வாயில் தண்ணீர் விளிம்புவரை நின்றது. நான் மண்டியிட்டுக் கையை விட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. மார்ச் மாதத்துக் கஸ்ரியில், நேற்றுத் தொட்டியிலிருந்து ஊற்றிய தண்ணீர், குளிப்பதற்குக் காய்ச்சியது போல வெதுவெதுப்பாக இருந்தது. சூடு வைத்தது அறுநூறு மீட்டருக்குக் கீழே. அடியில் இருந்தது மேலே வராமல் இங்கே எப்படிச் சூடு வரும்?

அவன் என்னை முறைத்துக்கொண்டே குனிந்தான். கையை விட்டான். முறைப்பு போயிற்று. கையை எடுத்து விரல்களைப் பார்த்தான். நுனியில் கறுப்பு இழை ஒட்டியிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் விளிம்பைத் தாண்டி அவன் பூட்ஸின் மேல் வழிந்தது.

மேடைக்குக் கீழே கிணற்று வாயில் இரண்டு இரும்புத் தாடைகள் உண்டு. குழாயை இரண்டு பக்கமிருந்தும் கவ்வி அடைக்கும். இப்போது போல பொத்தான் இல்லை. இந்தப் பக்கம் ஒரு கைச்சக்கரம், அந்தப் பக்கம் ஒரு கைச்சக்கரம், இரண்டையும் சேர்ந்து சுற்ற வேண்டும். அவன் ஆட்களைக் கூப்பிட்டுக் கத்தினான். காற்று குடிசைப் பக்கமிருந்து அடித்தது, ஒருத்தன் காதிலும் விழவில்லை.

“நீ அந்தப் பக்கம் போ. வலப்பக்கமா சுத்து. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாத.”

இருவரும் படியில் இறங்கி மேடைக்கு அடியில் நுழைந்தோம். சக்கரம் ஐஸ் போல இருந்தது. முதல் இரண்டு சுற்று வரவே இல்லை. உடம்பை வைத்துத் தள்ளினேன். மூன்றாவதில் இளகியது. தலைக்கு மேல் மேடைப் பலகை வழியாகத் தண்ணீர் கொட்டியது, முதலில் சொட்டுச் சொட்டாக, பிறகு வாளியைக் கவிழ்த்தது போல. பத்து வரை எண்ணினேன். அதற்கப்புறம் எண்ணிக்கை தப்பிவிட்டது. தண்ணீரோடு வாயு கலந்து சீறும் சத்தம் கேட்டது. மேலே ஆப்பில் நின்ற குழாய் தடதடவென்று ஆடியது. ஒரு தீப்பொறி போதும். கதை முடிந்தது என்று நினைத்தேன். அண்ணன் எதிர்ப்பக்கம் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே என் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தான், சுத்து, ஜரிஃபா, சுத்து, ஜரிஃபா என்று, மூச்சுக்கு ஒரு தடவை. சக்கரம் ஒரு இடத்தில் இறுகி நின்றது. தண்ணீர் நின்றது.

ஆனால் குழாயின் உள்வாய் திறந்தே கிடந்தது. தாடை வெளிப்புறத்தைத்தான் கவ்வும். மேடைக்கு மேலே குழாயின் தலையிலிருந்து தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சியது. மேலே யாரோ ஓடும் சத்தம் கேட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். ஷிரின்பாலா. ஏணியிலிருந்து இறங்கியவன் டீக்குப் போகாமல் நின்றிருக்கிறான். மேடை மூலையில் கிடந்த வால்வை இரண்டு கையாலும் தூக்கி, முகத்தில் எண்ணெயும் தண்ணீரும் அடிக்க, குழாயின் தலையில் வைத்துத் திருகினான். இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாம் தடவை மரை பிடித்தது. கைப்பிடியை ஒரு திருப்புத் திருப்பினான். அதற்குள் மற்றவர்களும் ஓடிவந்துவிட்டார்கள்.

அழுத்தமானியில் ஊசி ஏறியது. மூன்று, ஐந்து, ஏழு. எல்லோரும் அதைச் சுற்றி நின்றோம். எட்டைத் தாண்டி ஒன்பதில் நின்றது. என் மனக்கணக்கு எட்டு. தண்ணீரில் கொஞ்சம் எண்ணெய் கலந்து லேசாகிவிட்டதால் ஒன்று கூடுதல். அறுபதும் எட்டும் அறுபத்தெட்டு.

பிறகு ஒரே கூத்து. குடிசையில் என்னை அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஒருத்தன் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினான். டீ ஊற்றினார்கள், சர்க்கரைக் கட்டியை என் பக்கம் நகர்த்தினார்கள். இனிமேல் மாதம் ஒரு தடவை அக்காவை மேடையில் ஏற்றிவிட வேண்டும், பெண் ஏறினால் ஆகாது என்று சொன்ன கிழவனின் தாடியைச் சிரைக்க வேண்டும் என்று ஒருத்தன் சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செத்துப் பிழைத்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு. ஆண்டவன் அனுப்பி வைத்த ஆள் என்று என்னைச் சொன்னார்கள். ஹாஜிபாபாகூட என் தலையில் கை வைத்துவிட்டுப் போய்க் கதவருகே நின்றான்.

அப்படியே விட்டிருக்கலாம். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தெய்மூர் முஅல்லிம் அறிக்கையில், பிளவுக்கு அப்பாலிருந்து எதிர்பாராத அழுத்தம் வந்தது என்று எழுதுவார், என்னைப் பாராட்டியும் ஒரு வரி எழுதுவார். டீ கையில் சுட்டது. அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை, வெட்கமாக இருந்தது.

தண்ணீர் போதும் என்று சொன்னது நான்தான் என்றேன். ஐம்பத்திரண்டு என்று எழுதியது நான். கடைசி ஆறு புள்ளிகள் ஒத்துவரவில்லை, தெரிந்தும் விட்டுவிட்டேன். இன்றைக்கு உங்களைக் காப்பாற்ற வரவில்லை, நான் வைத்த கொள்ளியை நானே அணைக்க வந்தேன் என்றேன்.

சிரிப்பு நின்றது. ஹாஜிபாபா கதவருகிலிருந்து திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டான்.

“தெய்மூர் எழுதச் சொன்னாரா?”

ஆமாம் என்று சொல் என்று கெஞ்சுகிற குரல் அது.

“யாரும் சொல்லல அண்ணே. நானே எழுதினது.”

அவன் கை சட்டைப்பையில் இருந்த காகிதத்துக்குப் போயிற்று, எடுக்காமலே கீழிறங்கியது. மூலையில் உட்கார்ந்து முகத்து எண்ணெயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்த ஷிரின்பாலா அப்போதுதான் வாயைத் திறந்தான். கோபமே இல்லாமல், விவரம் கேட்பவன் போல மெதுவாகக் கேட்டான்.

“அக்கா, இதே எண்ணெய்க்கு இன்னும் எத்தன கெணத்துக்கு நீங்க எண்ணு எழுதிக் குடுத்திருக்கீங்க?”

காலையிலிருந்து 318, 318 என்று ஓடிக்கொண்டிருந்தேன். என் அண்ணன் நிற்கிற கிணறு என்பதால் அது ஒன்றுதான் என் கண்ணில் தெரிந்தது. மற்றவை நினைவுக்கே வரவில்லை. விரல் விட்டு எண்ணினேன்.

“அஞ்சு,” என்றேன். “ரெண்டுல சூடு வச்சிருக்காங்க. ஒண்ண அடுத்த மாசம் தெறப்பாங்க. 311-அ இன்னைக்கு மத்தியானமே தெறப்பாங்க.”

311-இல் வேறு குழு. அவர்களில் யாரையும் எனக்கு முகம் தெரியாது. என் கையெழுத்து மட்டும் அவர்களுக்குத் தெரியும். சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று நாற்பது.

ஹாஜிபாபா ஆணியில் தொங்கிய குழுவின் லாரிச் சாவியை எடுத்தான். என் பக்கம் பார்க்காமலே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். நான் போர்த்தியிருந்த கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே ஓடினேன்.